கடைசித் தலைக்கட்டு

வாங்கண்ணே, உள்ள வாங்க. காரைக்குடியில இருந்து பஸ் ஏறி வந்திருக்கீக, வாசல்ல நின்னே பேசிட்டுப் போனா நல்லாவா இருக்கும். எங்க வீட்டுக்காரவுக வீட்டுல இல்லை. கடை வரைக்கும் போயிட்டு வர்றேன்னு கிளம்பினாக. கடைக்கு யாரு வரப்போறா, எரிஞ்சுபோன மோட்டாருக்குக் காயில் கட்டணும்னு ஒருத்தனும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கிறதில்லை. சும்மா ஷட்டரைத் தூக்கி விட்டுட்டு உக்காந்திருப்பாக. வந்துருவாக. அவுக வர்றதுக்குள்ள உங்ககிட்ட நான் பேசணும்.

வரக்காப்பிதான் இருக்கு. பால்காரன் எங்களுக்கு ஊத்துறதில்லை. ஊரு இன்னும் எங்களை விலக்கி வைக்கலை, வைக்கப்போறாகன்னு காதுல விழுந்ததுமே அவன் முந்திக்கிட்டான். அவன் வீட்டுக் கிணத்து மோட்டாரு புகைஞ்சப்ப தூக்கிக்கிட்டு ஓடி வந்தது யாருகிட்ட? சரி, அதை விடுங்க. அதைப் பேசினா பேச்சு எங்கிட்டோ போயிரும்.

விசயம் இதுதான்ணே. இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள அவுக மடைகாத்தா கோயிலுக்குப் போயி, சூடத்துல கையை வச்சுச் சத்தியம் பண்ணணும். பண்ணலைன்னா நாங்க ஊரை விட்டுப் போகணும். நான் சொல்லி அலுத்துப் போயிட்டேன். அவுக யாரு பேச்சையாவது கேப்பாகன்னா அது உங்க பேச்சுதான். நீங்க சொல்லுங்க, போயிப் பண்ணுங்க தோழர்னு. ஒரு வார்த்தை.

ஏண்ணே அப்படிப் பாக்குறீக? சாமி இல்லைன்னு சொல்ற உங்ககிட்டப் போயி சூடம் அடிக்கச் சொல்லுங்கன்னு கேக்குறாளே, இவளுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சான்னா? பிடிச்சாலும் பிடிச்சிருக்கும். தூங்கி நாளாச்சு.

முதல்ல இருந்து சொல்றேன், இருங்க.

எங்க கண்மாய்த் தண்ணி தைப்பூசம் வரைக்கும் ஆத்தாளோடது. பூசத்தன்னைக்கு அந்தத் தண்ணியிலதான் மடைகாத்தா தெப்பத்துல ஏறி வலம் வருவா. அது முடிஞ்சாத்தான் மடையைத் திறப்பாக. அதுவரைக்கும் மடைக் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவி ஊர்த்தலைவரு அம்பலத்துக்கிட்ட இருக்கும். காவலுக்குச் சேவுகன்னு ஒரு ஆளு. இது எங்க தாத்தன் பூட்டன் காலத்து வழக்கம். எல்லா வருசமும் மழை பெய்யும், தண்ணி தளும்பும், ஒரு பிரச்சனையும் வராது. இந்த வருசம் மழை முகத்தைக் காட்டிட்டு ஓடிப்போச்சு. கண்மாய்ல பாதிக்கும் குறைச்சல். மார்கழியில பயிரு பால் பிடிக்கிற நேரம், வயலெல்லாம் வெடிச்சுப் போயிக் கிடக்கு. தண்ணி கண்ணு முன்னால கிடக்கு, பாய்ச்சக்கூடாது.

ஊர்க்கூட்டத்துல அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கையில இவுகதான் எந்திரிச்சாக. தெப்பம் மிதக்க இடுப்பளவு தண்ணி வேணும், பயிரு பிழைக்கக் கணுக்காலளவு போதும். பயிரு செத்தா உங்க பிள்ளைக பட்டினி. தெப்பம் ஓடலைன்னா யாரு பட்டினின்னு கேட்டாக. ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்ன பண்றதுன்னு அம்பலம் கேட்டாரு. எந்தத் தாயி தன் கோவத்தைப் பிள்ளை சோத்துல காட்டுவான்னு இவுக திருப்பிக் கேட்டாக. அங்கன உக்காந்திருந்தவங்கள்ல பாதிப் பேரு மனசுக்குள்ள சரின்னுதான் சொல்லியிருப்பாக. வெளியில யாரு சொல்றா.

பெறகு ஒருநாள் காலையில போயிப் பாத்தா மடை திறந்து கிடக்கு. சங்கிலியை இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு வச்சு அறுத்திருந்துச்சு. கண்மாயில அடிச் சேறுதான் மிச்சம். அத்தனை வயலும் நனைஞ்சு நிக்குது. சேவுகன் கரையில வேப்பமரத்தடியில கவுந்து கிடக்கான், குடிச்சுப்புட்டு. ஆக்சா பிளேடு இந்த ஊர்ல யாரு கடையில இருக்கும்? அத்தனை பேரும் எங்க வீட்டைத் திரும்பிப் பாத்தாக.

பூசத்தன்னைக்குத் தெப்பம் சேத்துல உக்காந்திருந்துச்சுண்ணே. பொய் சொல்லலை, அம்பலம் துண்டை வாயில பொத்திக்கிட்டு அழுதாரு. அடுத்த வாரமே தெக்குத்தெருவுல பிள்ளைகளுக்கு அம்மை போட்டுச்சு. ஆத்தா இறங்கிட்டான்னு ஊரே கிடுகிடுத்துப் போச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். அந்தத் தண்ணியிலதான் இந்த வருச வெள்ளாமை வீடு வந்து சேந்துச்சு. ஒரு வீடு மிச்சமில்லாம எல்லார் வீட்டுலயும் அந்த நெல்லு இருக்கு. அம்பலம் வீட்டுலயும் இருக்கு. பூசாரி அந்த அரிசியிலதான் ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்கிறாரு. தண்ணி பாவம், நெல்லு பாவமில்லை போலன்னு இவுக சிரிப்பாக. நான் சிரிக்க மாட்டேன். ஆத்தா விசயத்துல நான் வாயை விடுறதில்லை.

அறுப்பு முடிஞ்சதும் ஊரு கூடி முடிவு பண்ணுச்சு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒவ்வொரு தலைக்கட்டா வந்து ஆத்தா படியில சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால அடிச்சு அணைச்சு, மடையை நான் திறக்கலை, திறந்தது யாருன்னும் எனக்குத் தெரியாதுன்னு சத்தியம் பண்ணணும். தலைக்கட்டுன்னா தெரியுமில்லையா, கோயில் வரி கட்டுற ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலையா இருக்கிற ஆம்பளை. எல்லாரும் பண்ணியாச்சு. இப்ப மிச்சம் இவுக மட்டும்தான். சேவுகனையும் சேத்தா ரெண்டு. அவன் மட்டும் கூடுதலா ஒரு வார்த்தை சேத்துச் சொல்லணும்னாக, காவல்ல கண்ணு அசரலைன்னு. நான் தூங்கிட்டேன் சாமி, பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன்னு அந்தக் கிறுக்கன் அங்கனயே படுத்து உருண்டான். அப்ப வந்தவனுக்கும் உனக்கும் கூட்டு, சாராயத்துக்கு மடையை வித்துட்டியேன்னு நாலு பேரு சேந்து சாத்திப்புட்டாக. கையில கட்டுப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடக்கான். அவனை விடுங்க, அவன் கதை இங்க எதுக்கு.

இவுக சத்தியம் பண்ணிட்டாகன்னா பேச்சு முடிஞ்சு போச்சு. சேவுகன்தான்னு ஆயிரும். ஊரு அவனைப் பாத்துக்கிரும்.

அண்ணே, கதவைச் சாத்திட்டு வர்றேன். சுவத்துக்கும் காது இருக்கு இந்த ஊர்ல.

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. திறந்தது எங்க மகன்தான். பகலவன். நீங்க பேரு வச்ச பிள்ளை. உங்க மடியில போட்டுத்தானே அன்னைக்குப் பேரு வைக்கச் சொன்னாக. கல்யாணம் ஆனதும் கீழத்தெருவுல தனியாக் குடி வச்சோம், அதனால அவனும் ஒரு தலைக்கட்டு. அவன் குத்தகைக்கு எடுத்த வயலும் காஞ்சுபோயிக் கிடந்துச்சு. விடிஞ்சும் விடியாம கால் நிறைய சேத்தோட அடுப்படிக்கு வந்து நின்னான். அப்பா, நீங்க சொன்னதைச் செஞ்சுட்டேன்னு சொன்னான். நான் ஓடிப்போயிக் கதவைச் சாத்தினேன். இவுக முகத்துல என்ன பாத்தேன் தெரியுமா? பெருமை. சத்தியமாப் பெருமை. தோள்ல தட்டினாக. சரியாத்தான் செஞ்சேடா, இப்பவே போயி ஊருக்கு முன்னால நின்னு, நான்தான் திறந்தேன், பயிருக்காகத் திறந்தேன்னு சொல்லுன்னாக. நான் கூட நிக்கிறேன்னாக.

அவன் சரின்னு தலையை ஆட்டிட்டுப் போனான். போனவன் சொல்லலை. வெள்ளிக்கிழமை அவன் முறை வந்தப்ப நேராப் படியில ஏறினான். சுட்ட அப்பளத்தைத் தொட்டுப் பாக்குற மாதிரி சூடத்தைத் தொட்டான், அணைச்சான், நான் திறக்கலை, யாருன்னு தெரியாதுன்னான். கை நடுங்கலைண்ணே. குரல் பிசகலை. நான் கூட்டத்துக்குள்ள நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன், எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது.

ஏன் தெரியுமா? அவன் பொண்டாட்டி முத்துமாரிக்கு இது நிறைமாசம். முன்னால தங்கினது எல்லாம் கலைஞ்சு போச்சு. இது ஒண்ணுதான் ஆத்தா குடுத்து நின்னிருக்கு. முத்துமாரிக்கு எதுவும் தெரியாது, பாவம், வெள்ளிக்கிழமை தவறாம விளக்குப் போடுது. குடுத்தவ முன்னாலயே பொய்ச் சத்தியம் பண்ணிட்டு வந்து நிக்கிறான் இவன். அவ எதை எடுப்பா? நீங்களே சொல்லுங்க, அவளுக்குக் கோவம் வந்தா முதல்ல எதை எடுப்பா?

அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் இவுகளைப் பிடிச்சுக்கிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருசத்துல எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்லை, அன்னைக்குப் பேசினேன். மேல ஒருத்தி பாக்குறான்னு பயந்துக்கிட்டு ஒழுங்கா இருக்கிறது ஒழுங்கே இல்லை, பக்கத்துல இருக்கிறவனுக்கு வலிக்குமேன்னு நினைச்சு இருக்கணும்னு சொல்லிச் சொல்லி வளர்த்தீகளே. பாத்தீகளா உங்க பிள்ளையை? அவனுக்கு மேலயும் பயமில்லை, பக்கத்துலயும் பயமில்லை. நீங்க சாமியை அவன் மனசுல இருந்து எடுத்தீக, எடுத்த இடத்துல எதை வச்சீகன்னு கேட்டேன்.

அவுக ஒரு பழைய மோட்டாரை மடியில வச்சுக்கிட்டு கம்பியைச் சுத்துறதும் பிரிக்கிறதுமா உக்காந்திருந்தாக. நான் ஜெயிச்சுட்டேன்னுதான் நினைச்சேன். ஆனா ஜெயிச்ச மாதிரி இல்லைண்ணே.

சரி, நடந்தது நடந்து போச்சு, இனி ஆகுறதைப் பாப்போம்னு நானே இறங்கி வந்தேன். நயமாப் பேசினேன். உங்களுக்குத்தான் அது வெறும் சூடமாச்சே, கையை வச்சு எடுத்துட்டு வந்துருங்கன்னேன். நான் யோசிச்சுத்தான்ணே சொன்னேன். பாவம்னா என்ன? ஆத்தா இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டே அவளை ஏமாத்துறதுதான் பாவம். இல்லைங்கிறவுக யாரை ஏமாத்துறாக? அந்தப் பாவம் அவுக மேல ஒட்டாதுல்ல? நான் பண்ணினா ஒட்டும். என் மகன் மேல ஒட்டுமா ஒட்டாதான்னு எனக்குத் தெரியலை, ஏன்னா அவன் நம்புறானா இல்லையான்னே எனக்குத் தெரியலை. இவுக விசயத்துல சந்தேகமே இல்லை. இந்த ஊர்லயே ஆத்தாளை ஏமாத்த முடியாத ஒரே ஆளு இவுகதான்.

அதுக்கு இவுக என்ன சொன்னாக தெரியுமா? சூடம் வெறும் சூடம்தான், சேவுகன் வெறும் சேவுகன் இல்லையேன்னாக. நான் சூடத்தைப் பத்திப் பேசினா இவுக சேவுகனைப் பத்திப் பேசுறாக. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா? இப்படித்தான் கொஞ்ச நாளா சம்பந்தமில்லாம ஏதாவது சொல்றாக. மனசு உடைஞ்சு போச்சோன்னு எனக்குப் பயமா இருக்கு.

அம்பலம் நல்ல மனுஷன்தான். எங்களுக்கு ஒரு வகையில மாமன் முறை. நேத்து வீடு தேடி வந்தாரு. மாப்ளே, நீ ஆத்தா முன்னால வரவேணாம், சூடமும் வேணாம், ஊருக்கு முன்னால நின்னு எனக்குத் தெரியாதுன்னு வாயால சொல்லு, போதும். உன் வாயில பொய் வராதுன்னு எனக்குத் தெரியும், உன் சொல்லை நான் சத்தியமா எடுத்துக்கிறேன்னாரு. யாருக்குண்ணே இப்படி ஒரு சலுகை கிடைக்கும்? சாமி கும்பிடுற அத்தனை பேருகிட்டயும் சூடத்தைக் கேட்ட மனுஷன், சாமி இல்லைங்கிறவுககிட்ட மட்டும் வெறும் சொல்லைக் கேக்குறாரு. நான் கதவுக்குப் பின்னால நின்னு கையெடுத்துக் கும்பிட்டேன். சொல்லிருங்க, சொல்லிருங்கன்னு.

என்கிட்ட அதை மட்டும் கேக்காதீக மாமான்னுட்டாக.

அப்பத்தான் அம்பலம் முகம் மாறிப்போச்சு. இவுகளுக்குத் தெரியும்னு அவருக்கு விளங்கிருச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில்ல கொட்டு அடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கிறேன், அதுக்கு மேல என் கையில இல்லை மாப்ளேன்னு துண்டை உதறிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை.

என்ன சொல்றீக? மகன் போயி ஒத்துக்கிறட்டுமேன்னா?

ஏண்ணே, நீங்களும் அதையே சொல்றீக. சொல்ல எம்புட்டு நேரமாகும்? மடையைத் திறந்ததுக்கு மட்டும்னா விழுந்து கும்பிட்டு எந்திரிச்சுரலாம். ஆத்தா படியில பொய்ச் சத்தியம் பண்ணினவனை இந்த ஊரு என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியாது. கட்டின பொண்டாட்டியே அவன் கையில தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டா. அவளைப் பெத்தவுக அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவாக. பிறக்கப் போற பிள்ளை முகத்தை அவன் பாக்க முடியுமா? அப்பன் சொல்லுக்காக ஊருக்கெல்லாம் சோறு போட்டவனுக்கு இதுவா கூலி? நீங்க பிள்ளை பெத்தவருதானே.

சேவுகனுக்கும் பிள்ளை இருக்குன்னு சொல்றீகளா. இருக்கு, ஒரே ஒரு பொண்ணு. கட்டிக் குடுத்தாச்சு. போன வாரம் பஸ் ஸ்டாண்டுல தூக்குவாளியோட நின்னுச்சு, அப்பனுக்குக் கஞ்சி எடுத்துக்கிட்டு. என்னைப் பாத்து, அத்தை, எங்கப்பா குடிப்பாரே தவிர திருட மாட்டாருன்னுச்சு. நான் பஸ் வந்துருச்சுன்னு சொல்லிட்டு ஏறிட்டேன். ஏறினது வேற ஊரு பஸ். அடுத்த நிறுத்தத்துல இறங்கி நடந்து வந்தேன். நான் என்னண்ணே பண்ணட்டும்? எல்லாருக்கும் நானா பொறுப்பு? அவனை ஆத்தா பாத்துக்கிருவா. உண்மையைச் சொன்னவனை அவ கைவிட மாட்டா.

நான் சும்மா உக்காந்துக்கிட்டு இவுகளை மட்டும் குத்தம் சொல்லலை. போன வெள்ளிக்கிழமை நானே போனேன். தலையை முழுகிட்டு ஈரச்சீலையோட ஓடினேன். எங்க வீட்டுச் சத்தியத்தை நான் பண்றேன்னேன். பொய்தான், தெரிஞ்சேதான் போனேன். ஆத்தா, அவன் பண்ணினது, இப்ப நான் பண்ணப் போறது எல்லாத்தையும் சேத்து என் தலையில எழுதிக்க, அந்த வயித்துப் பிள்ளையை மட்டும் விட்டுருன்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டே கையை நீட்டிட்டேன். அம்பலம் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துப்புட்டாரு. தலைக்கட்டு உசுரோட இருக்கையில பொம்பளை சத்தியம் செல்லாதாம். தாலி அறுத்தவ பண்ணினா செல்லுமாம், தாலியோட இருக்கிறவ பண்ணினா செல்லாதாம். நான் என்ன செய்ய, அதுக்காக அவுகளைச் சாகச் சொல்லவா முடியும்? அந்தப் படியிலயே உக்காந்து அழுதேன். ஒரு பொம்பளைகூட வந்து தூக்கி விடலை.

அதனாலதான் உங்ககிட்டக் கேக்குறேன். நீங்கதான் அவுகளுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தீக. வாலிபத்துல நல்லாக் கும்பிட்டுக்கிட்டு இருந்த ஆளுதான், அக்கினிச்சட்டி எடுத்த ஆளு. நீங்க நாலு கூட்டம் பேசினீக, மாத்திப்புட்டீக. நான் அதுக்குக்கூட வருத்தப்படலை. குடிக்கிறதை விட்டாக, என்னை அடிச்சதில்லை, யாரையும் ஏய்ச்சதில்லை. சாமி கும்பிடுற ஆம்பளைகளுக்கு வாக்கப்பட்டவளுக படுற பாட்டைப் பாத்துட்டு, என் புருசன் சாமி கும்பிடாட்டியும் பரவாயில்லைன்னு நான் ஆத்தாகிட்டயே சொல்லியிருக்கேன். ஆனா கத்துக் குடுத்தவரு நீங்க, நெருக்கடி வந்தா என்ன பண்றதுன்னும் நீங்கதானே சொல்லணும். உண்மைன்னா உண்மைன்னே நிக்கணுமா? நின்னா பிள்ளை போறான். பொய் சொன்னா யாரோ ஒருத்தன் போறான். எது நல்லதுன்னு உங்க கூட்டத்துல கணக்குப் போட்டுப் பாப்பீகள்ல, அதைப் போட்டுச் சொல்லுங்க. உங்க கால்ல வேணா விழுறேன்.

எந்திரிக்க மாட்டேன். நீங்க சொல்றேன்னு சொன்னாத்தான் எந்திரிப்பேன்.

கொட்டு அடிக்கிறாகண்ணே. கேக்குதா? ஆத்தா, நேரமாயிருச்சே. அவுக இன்னும் வரலையே. வாங்க, நாம கடைக்கே போயிருவோம், அங்க வச்சுச் சொல்லுங்க, ஓடிப்போனா இன்னமும்...

யாரு அது வேலிக்கிட்ட? ராக்கா? பக்கத்து வீட்டுப் பொண்ணுண்ணே, எங்ககூடப் பேசக்கூடாதுன்னு அவ மாமியா சொல்லியிருக்கா. வா தாயி உள்ள. சரி வரவேணாம், அங்கனயே நின்னு சொல்லு. ஏன் இப்படி இரைக்குது உனக்கு?

யாரு, எங்க வீட்டுக்காரவுகளா? கோயிலுக்கா வந்தாக? கடைக்குல்ல போனாக.

அண்ணே, போயிட்டாகளாம். கொட்டு அடிக்கும் முன்னாலயே அவுகளாப் போயிட்டாகளாம். ஆத்தா, மடைகாத்தா, என் வயித்துல பாலை வார்த்துட்டியே. பொங்கல் வைக்கிறேன் தாயி, உருண்டு குடுக்கிறேன். எனக்குத் தெரியும்ணே, அவுக கல்லு மாதிரி இருப்பாக, உள்ளுக்குள்ள கரைஞ்சிருவாக. சொல்லு ராக்கு, சட்டையைக் கழட்டினாகளா? கறுப்புச் சட்டையையா? மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டாகளா. சரி. படியில ஏறிச் சூடத்துல கையை வச்சாகளா? எடுக்காம வச்சுக்கிட்டே நின்னாகளா, தோலு பொசுங்குற அளவுக்கா? ஏன், அணைச்சுட்டு எடுத்திருக்கலாம்ல. பழக்கமில்லை அவுகளுக்கு. வந்ததும் மஞ்சளை அரைச்சுப் போடுறேன்.

நீ எதுக்குடி அழுகுறே? நல்ல சேதி சொல்ல வந்தவ அழுவாளா?

என்ன சொன்னாகன்னு திரும்பச் சொல்லு.

நான்தான் திறந்தேன்னா?

சரியாக் கேட்டியா நீ? மடையைத் திறந்தது நான்தான், என் மகனுக்குத் தெரியாம கடையில இருந்து பிளேடை எடுத்துட்டுப் போனேன், சேவுகன் மேல ஒரு குத்தமும் இல்லை, அவன் தூங்கித்தான் போயிட்டான்னா? அம்பலம் நம்பலையா? நம்பாம ஆத்தா சாட்சியாச் சொல்லுவியா மாப்ளேன்னு கேட்டாரா? அதுக்கு இவுக?

ஆத்தா சாட்சியான்னு சொன்னாகளா. அவுக வாயாலயா.

இரு, போகாத. என் மகன் அங்கன நின்னானா? நின்னான். ஏதும் சொன்னானா? வாயைத் திறந்தானா, ஒரு எட்டு முன்னால வந்தானா?

கன்னத்துல போட்டுக்கிட்டானா. எல்லாரோடயும் சேந்து.

போ ராக்கு, உன் மாமியா தேடும். போ.

கேட்டீகளாண்ணே. என் மகனுக்குச் சாமி பயம் வந்துருச்சு. வராது, வராதுன்னு நான் அழுத பயம். சரி, வந்தா நல்லதுதான். நல்லதுதானேண்ணே?

இல்லைண்ணே, எனக்கு உக்கார வேணாம். நான் தெரியாதுன்னு ஒரு பொய்தானே கேட்டேன். சின்னப் பொய்யி. அதைச் சொல்ல மாட்டேன்னுட்டு இம்புட்டுப் பெரிய பொய்யைப் போயிச் சொல்லியிருக்காக. அந்தப் பொய்யில சேவுகன் மாட்டிக்கிருவான், இந்தப் பொய்யில அவுக மட்டும்தான் மாட்டுவாக, அதுதானே அவுக கணக்கு? இப்பத்தான் எனக்கு விளங்குது, இப்ப விளங்கி என்ன பண்ண.

நாளைக்கு இந்த வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பணும். அதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லை. எங்க போனாலும் காயில் கட்டிப் பிழைச்சுக்கிருவாக. ஆனா அவுக பொய்யே சொன்னதில்லைண்ணே. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவே, எனக்குச் சொந்த நிலம் கிடையாது, இருக்குன்னு தரகர் சொன்னது பொய்யின்னு எங்க அப்பாகிட்டச் சபையில வச்சுச் சொன்ன ஆளு.

நாங்கன்னா ஒரு தப்பைப் பண்ணிட்டு நேரா ஆத்தாகிட்டப் போயி விழுந்துருவோம். முடி இறக்குவோம், கிடா வெட்டுவோம், அழுது தீத்துட்டு முந்தானையை உதறிக்கிட்டு எந்திரிச்சு வந்துருவோம். மறுநாள் சோறு இறங்கும். உங்களுக்கெல்லாம் என்னண்ணே வழி? நீங்கதானே கத்துக் குடுத்தவரு, சொல்லுங்க. வெந்த கையோட இப்ப அந்த வாசல்ல வந்து நிப்பாக. அவுக யாருகிட்டப் போயி விழுவாக?